வென்ஃப்ளானுக்கு மூன்று நாள் கெடு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மருத்துவமனைத் தொற்றுகள் பற்றிய உங்கள் கட்டுரையில், மருந்தும் டிரிப்ஸும் ஏற்றக் கையில் செருகி விட்டுவைக்கும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வார்டில் முப்பது வருடம் வேலை பார்த்த நானும் அதை வேதவாக்காக நம்பியவள்தான். ஒருமுறை பாட்டி ஒருவர், "நன்றாகத்தானே ஏறுகிறது, ஏனம்மா பிடுங்குகிறாய்?" என்று கேட்டார். "நாள் ஆகிவிட்டது பாட்டி" என்றேன். அடுத்த நரம்பு கிடைப்பதற்குள் நான்கு இடத்தில் குத்திவிட்டேன். (சிரை என்பதே சரி. வார்டில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது.)

பாட்டியின் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் விடை தேடினார்கள். குயின்ஸ்லாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்றாம் நாள் தவறாமல் மாற்றினார்கள். மற்றதில் வலி, வீக்கம், அடைப்பு போன்ற காரணம் இருந்தால் மட்டும் மாற்றினார்கள். சிரை அழற்சி, அதாவது ஊசி இருந்த சிரை சிவந்து வீங்கி வலிப்பது, இரண்டிலும் 7 சதவீதம்தான். 2012இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டுதல் சொன்னதும் வேறு. பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதைவிட அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்றார்கள். 'தேவையில்லை' என்ற அந்தச் சொல்தான் வார்டுக்கு வந்து சேர்வதற்குள் 'கட்டாயம்' ஆகிவிட்டது! குழந்தைகளுக்கோ, காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் நாள் கணக்கைக் கைவிட்டபோது இரத்தத் தொற்று கூடியது. பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. 2021இல் வெளியான ஆய்வு அது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்றாலும், தள்ளிவிட முடியாது. நாள் கணக்கை விடுவதென்றால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஊசி போட்ட இடத்தைப் பார்த்து, தொட்டு, குறிப்பெழுத ஆள் வேண்டும். ஐம்பது படுக்கைக்கு ஒரே செவிலியரை நிறுத்திவிட்டு 'ஆய்வு சொல்கிறது' என்றால் எப்படி?

இன்னொன்று. 51 நாடுகளில் நடந்த கணக்கெடுப்பில், செருகியிருந்த ஊசிகளில் சுமார் 14 சதவீதம் எதற்கும் பயன்படாமல் சும்மா கிடந்தன. 'இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும்' என்று நானே எத்தனையோ முறை விட்டுவைத்திருக்கிறேன். டிரிப்ஸ் நின்று மாத்திரைக்கு மாறிய பிறகும் கையில் ஊசி இருந்தால், 'இது இன்னும் வேண்டுமா சிஸ்டர்?' என்று கேட்கும்படி உங்கள் அடுத்த கட்டுரையில் வாசகர்களுக்கு எழுதுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.