பழைய வீடுகளை இடிக்கும் முன் ஒருமுறை அளக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். இதற்கு உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, இந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். எங்களுக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரியவந்தது. பொறியியலையும் மருத்துவத்தையும் பற்றிப் பேசாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. இந்தப் படிப்பைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பாடசாலைகள் உயர்தரம் தொடங்கும்போதே இதைச் சொன்னால் நல்லது.

போன விடுமுறையில் அவள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை அளவு நாடாவால் ஒரு கிழமையாக அளந்து வரைந்தாள். நடு முற்றம், சுற்றிவர விறாந்தை, பனஞ்சலாகைக் கூரை, நல்ல தடிப்பான சுண்ணாம்புச் சுவர். மத்தியானத்தில் மின்விசிறி இல்லாமலே உள்ளே இருக்க முடிவது ஏன் என்று முற்றத்தில் நின்று அவள் விளக்கியபோதுதான், நாற்பது வருடம் அங்கே வாழ்ந்த எனக்கே அது விளங்கியது.

அந்த ஒழுங்கையில் இப்படி மூன்று வீடுகள் இருந்தன. இப்போது இது ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் ஒரு படம்கூட மிச்சமில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ். பொது நூலகத்தைப் பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டிய ஊர் இது. சரி, எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. இடிக்க அனுமதி கொடுக்கும் முன் கட்டடக்கலை மாணவர்கள் வந்து அளந்து வரைய மாநகர சபையும் பிரதேச சபைகளும் ஒழுங்கு செய்யலாமே. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ஒரு தாய்,
கோண்டாவில்