பந்தைப் பார்க்காத ஒரு வாரம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மூன்றாம் நாளே காய்கறிக்காரரிடம் பேரம் பேசப் போய்விட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். சொட்டு மருந்தை மட்டும் ஒருவேளையும் விடாமல் போடச் சொல். பாப்பாவை பிளஸ் டூவுக்கு அப்புறம் எங்கே சேர்ப்பது என்று கேட்டிருந்தாய். அதை அடுத்த வாரம் போனில் நிதானமாகப் பேசலாம். இந்த வாரம் என் தலைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடுகிறது. அதை யாரிடமாவது தமிழில் கொட்டியாக வேண்டும், அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

சனிக்கிழமை எங்கள் கல்லூரி அணிக்கு ஆட்டம். எதிரே வருகிறவர்கள் ஆப்ஷன் ஆடுகிற அணி, அதாவது பந்தோடு யார் ஓடுவது என்பதை ஓடும்போதே முடிவு செய்கிறவர்கள்.

நான் இங்கே வீடியோ வெட்டிக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக டிஃபென்ஸ் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, எதிரணி ஆடுவதைப் பிரித்துப் பார்த்துச் சொல்வதும் என் வேலை. நீ அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்ததில்லை, அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்ட் முன்னேறினால் இன்னும் நாலு வாய்ப்பு கிடைக்கும். இன்றைக்குப் பெரும்பாலான அணிகள் பந்தை எறிந்து ஆடத்தான் ஆசைப்படுகின்றன. ஆப்ஷன் அணி எறிவது அபூர்வம். ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

ஓட்டம் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் பந்தை வாங்கியதும், பின்னாலிருந்து குனிந்து பாய்ந்து வருகிற ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரனின் வயிற்றில் அதை வைப்பான். வைப்பான், ஆனால் கையை எடுக்க மாட்டான். அந்த அரை நொடியில் அவன் கண் நம் டிஃபென்சிவ் எண்ட் மேல், அதாவது நம் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன் மேல் இருக்கும். அந்த எண்டை அவர்கள் வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். எண்ட் சும்மா நின்றால் பந்து ஃபுல்பேக்குக்குப் போய்விடும். ஃபுல்பேக் மேல் பாய்ந்தால், குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான். அங்கே நம் ஆள் இன்னொருவன் இருப்பான், அவனையும் தடுத்திருக்க மாட்டார்கள். அவன் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், நாலைந்து யார்ட் தள்ளிக் கூடவே ஓடி வருகிற மூன்றாமவன் கைக்குப் பந்து பறந்துவிடும். அதற்குப் பிட்ச் என்று பெயர். ஆக, நம் ஆட்கள் இரண்டு பேரைத் தொடாமலே தோற்கடிக்கிறார்கள். அதில் மிச்சமாகிற இரண்டு பேரை நம் மற்ற ஆட்கள் மேல் ஏவிவிடுகிறார்கள்.

இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். ஹாஸ்டல் கபடியில் நீ கார்னரில் நிற்பாய். பாடி வருகிறவன் காலை நீட்டி ஆசை காட்டினால் மற்றவர்கள் பாய்ந்துவிடுவார்கள், நீ மட்டும் அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாய். ஆப்ஷன் முழுக்க அந்தக் கால் நீட்டல்தான் மாப்ளே. முன்னால் பாய்ந்தவன் அவுட்.

1968ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் என்ற உதவிப் பயிற்சியாளர் இதை விஷ்போன் என்ற அமைப்பில் கொண்டுவந்தார். கோழியின் நெஞ்சுக்கு மேலே இருக்கிற Y வடிவ எலும்பு மாதிரி, குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். அதற்கப்புறம் டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்தது. இப்போது பெரிய கல்லூரிகள் அதைக் கைவிட்டுவிட்டன. ஆர்மி, நேவி போன்ற ராணுவ அகாடமிகள்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அங்கே படிக்கிறவன் ராணுவத்தின் உடல் தகுதிக்குள் அடங்க வேண்டும், அதனால் மிகப் பெரிய ஆட்களைச் சேர்ப்பது அவர்களுக்குக் கஷ்டம். பலத்தில் ஈடுகொடுக்க முடியாதவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு வரம். 2018 செப்டம்பரில் ஆர்மி அணி ஓக்லஹோமாவுக்குப் போய், 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அந்த வருஷம் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஓக்லஹோமா குவாட்டர்பேக் கைலர் மரே அன்றைக்குப் பெரும்பாலான நேரம் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ஓக்லஹோமா ஜெயித்ததே ஓவர்டைமில்தான், 28-21.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் பையன்களுக்கு நான் போட்டுக் காட்டிய முதல் வீடியோ 2004ல் நடந்த எமரால்டு பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டம். நேவி அணி 26 தடவை பந்தை ஆடி, 94 யார்ட் நகர்ந்து, 14 நிமிடம் 26 நொடி விடாமல் வைத்திருந்தது. ஒரு கால் பகுதியே 15 நிமிடம்தான். இத்தனைக்கும் கிடைத்தது மூன்று பாயிண்ட். அந்த மூன்று பாயிண்டைவிட, எதிர்த்து நின்ற நியூ மெக்சிகோ பையன்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவதைத்தான் பார்க்கச் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று யார்ட் என்றாலே நாலு தடவைக்குப் பன்னிரண்டு. இவர்கள் நாலாவது வாய்ப்பிலும் தயங்காமல் ஓடுவார்கள். அதனால் முதலில் அடைக்க வேண்டியது நடுவில் பாய்கிற ஃபுல்பேக்கைத்தான். ஓரத்தில் நடக்கிற அழகான பிட்சைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் உன்னைக் கொல்வது நடுவில் போகிற அந்த மூன்று யார்ட்.

செவ்வாய்க்கிழமை கால் காப்பாற்றுகிற பயிற்சி. இவர்களுடைய முன்வரிசை ஆட்களான லைன்மேன்கள் இடுப்புக்குக் கீழே வந்து விழுந்து காலை வாருவார்கள். அதற்குக் கட் பிளாக் என்று பெயர். ஓடிக்கொண்டே வந்து வெளியில் இருப்பவன் காலை வாருவதை 2022ல் தடை செய்துவிட்டார்கள், இப்போது நடுவில், லைனை ஒட்டி மட்டும்தான் அனுமதி. அன்றைக்கு ஆப்ஷன் இதோடு செத்தது என்று சொன்னவர்கள் நிறைய பேர். ஆர்மிகூட 2023ல் வேறு மாதிரி ஆடிப் பார்த்தது. அடுத்த வருஷமே பழைய வழிக்குத் திரும்பி, 12 ஆட்டம் ஜெயித்துத் தான் ஆடுகிற கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகள் சேர்ந்த லீக், அதன் கோப்பையையும் தூக்கியது.

பயிற்சிக்கு ஜிம்மில் உட்கார்ந்து உடற்பயிற்சி செய்கிற பெரிய ரப்பர் பந்துகளை எடுத்து வந்தோம். ஒருவர் அதைப் பையனின் முட்டியைப் பார்த்து வேகமாக உருட்டிவிடுவார். அவன் இரண்டு உள்ளங்கையாலும் பந்தைத் தரையோடு அழுத்தி, காலைப் பின்னால் உதறி எடுத்து, மறுபடி நிமிர்ந்து ஓட வேண்டும். முதல் பத்து நிமிடம் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். 130 கிலோ எடையுள்ள ஒரு பையன் பந்து மேலேயே மல்லாந்து புரண்டான். அப்புறம் மெதுவாகக் கை பழகியது. கடைசியில் ஈரப் புல்லில் உள்ளங்கை விழுகிற சத்தம் பட் பட்டென்று ஒரே தாளத்தில் கேட்க ஆரம்பித்தது. எனக்கு அதுவே பாதி நிம்மதி.

அன்று ராத்திரி பயிற்சியாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வைத்திருந்தால் எதிரணிப் பயிற்சியாளர் இரண்டாம் கால் பகுதிக்குள் கண்டுபிடித்துவிடுவார். பதில்களை மாற்றிக்கொண்டே இருந்தால் நம் பையன்களே குழம்புவார்கள். ஒருவர் ஆறு விதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நான் இரண்டு போதும் என்று சொன்னேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஒன்றில் நடு லைன்பேக்கர், அதாவது நம் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கிறவன், ஃபுல்பேக்கை எடுப்பான், எண்ட் குவாட்டர்பேக்கை எடுப்பான். இன்னொன்றில் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். பிட்ச் வாங்குகிறவனுக்கு எப்போதும் ஒரே ஆள். எல்லாருக்கும் பின்னால் நின்று, எறிகிற பந்தைக் கவனிக்கிற சேஃப்டி ஓட்டத்தை நம்பி முன்னால் வரவே கூடாது. ஜார்ஜியா டெக் இந்த ஆட்டம் ஆடிய 2009ல், டெமாரியஸ் தாமஸ் 46 பந்து பிடித்து 1154 யார்ட் எடுத்தார். ஒரு பந்துக்கு 25 யார்ட்! நாற்பது தடவை ஓடுவார்கள், சேஃப்டி அலுத்துப் போய் ஒரே ஒரு தடவை முன்னால் வருவான், அன்றைக்குத்தான் தலைக்கு மேல் பந்து போகும்.

நேரம்தான் மாப்ளே எங்களுக்குப் பிரச்சினை. 2010 ஜனவரியில் ஆரஞ்சு பவுலில் அதே ஜார்ஜியா டெக்கை அயோவா மொத்தமே 155 யார்டில் அடக்கியது. அயோவாவுக்குத் தயாராக ஒரு மாதம் இருந்தது. எங்களுக்கு ஐந்து நாள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் விதி, ஆட்ட நாளுக்கே அதில் மூன்று மணி போய்விடும். அதனால்தான் ஆகஸ்ட்டிலேயே தலைமைப் பயிற்சியாளரிடம் போய், செவ்வாய்தோறும் பத்து நிமிடம் ஆப்ஷனுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டேன். ஒதுக்கினார். இந்த ஐந்து நாளைவிட அந்தப் பத்துப் பத்து நிமிடங்களைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

எதிரணி மாதிரி ஆடிக் காட்டுவதற்கு ஸ்கவுட் டீம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஸ்கவுட் குவாட்டர்பேக் முதல் வருஷப் பையன், பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் ஆப்ஷன் ஆடியவன். கெட்டிக்காரன். ஆனாலும் நிஜ அணி பல வருஷமாகத் தினமும் செய்கிற ஒன்றை ஐந்து நாளில் அதே வேகத்தில் யாராலும் செய்து காட்ட முடியாது. இரண்டு ஸ்கவுட் குழுக்களை மாற்றி மாற்றி இறக்கி, மூச்சு விட நேரம் கொடுக்காமல் ஆட வைத்தோம். அப்படியும் அந்த வேகம் வரவில்லை.

புதன்கிழமை பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். ஆமாம், பந்தே இல்லாமல் ஆட்டம். ஸ்கவுட் டீம் எல்லாம் பந்து இருப்பதுபோலவே ஓடும். ஃபுல்பேக்கை எடுக்க வேண்டியவன் ஃபுல்பேக்கை முட்ட வேண்டும், குவாட்டர்பேக்கை எடுக்க வேண்டியவன் அவனை முட்ட வேண்டும், பிட்ச் ஆள் பிட்சோடு போக வேண்டும். பந்து யாரிடம் என்ற கேள்வியே கிடையாது.

எங்கள் நடு லைன்பேக்கர், 44ம் நம்பர் பையன், நான் இங்கே பார்த்ததிலேயே பந்தை மோப்பம் பிடிப்பதில் முதல் ஆள். பந்து எங்கே போனாலும் அவன்தான் முதலில் போய்ச் சேருவான். மற்ற எல்லா வாரமும் அதற்காகத்தான் அவனைப் பாராட்டுகிறோம், இந்த வாரம் அதைச் செய்யாதே என்கிறோம். பந்து இல்லாத முதல் ஆட்டத்தில் அவன் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றான். "கோச், பந்து எங்கே?" என்று கேட்டான். பயிற்சியாளர் சத்தம் போடவில்லை. ஃபுல்பேக்கின் தோளில் கைவைத்து, "இன்றைக்கு உன் பந்து இவன்தான்" என்றார். பையன் தலையாட்டினான். அடுத்த தடவையும் குவாட்டர்பேக் பின்னால்தான் ஓடினான். அதற்கடுத்த தடவையும்.

ராத்திரி ஒன்பதரைக்கு நான் வீடியோ அறையைப் பூட்டப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டு ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு ஆட்டத்தையும் முதல் அடியில் நிறுத்தி, ஃபுல்பேக்கின் இடுப்பை மட்டும் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இவனைப் பிடித்து, பந்து வெளியே போய், அங்கே நம் ஆள் தவறவிட்டால்?" என்று கேட்டான். அதுதான் அவன் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு விதி புரியாமல் இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் தன் வேலையைச் செய்வான் என்று நம்பத்தான் முடியவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லாருடைய ஓட்டையையும் இவனே ஓடி அடைத்துப் பழகியவன். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் எண்ட் பையனை மறுநாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

இன்று மதியம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "நான் இவன், நீ அவன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் பார்த்தார்கள். சாயந்தரப் பயிற்சியில் 44 ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தான். ஏமாந்ததும் எண்ட் பையன் அவன் ஹெல்மெட்டைத் தட்டி என்னமோ சொன்னான், தூரத்தில் நின்றதால் எனக்குக் கேட்கவில்லை.

நீ பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறாயே, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செயினில் நிற்கிற இரண்டு பேருக்குள் அந்த நம்பிக்கையை எப்படி வரவழைக்கிறாய்? கைகோத்து நிற்பதால் அது தானாக வந்துவிடுகிறதா, இல்லை அதற்கென்று ஏதாவது செய்கிறாயா? இது எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

ஆட்டம் சனிக்கிழமை இங்கே மதியம் ஒரு மணிக்கு, உனக்கு ராத்திரி பத்தரை. இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள், லிங்க் தனியாக அனுப்புகிறேன். விழித்திருந்தால் முதல் கால் பகுதியாவது பார். பந்தைப் பார்க்காதே. நடுவில் நிற்கிற 44ஐ மட்டும் பார், அவன் முதல் அடி எந்தப் பக்கம் விழுகிறது என்று எண்ணி எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் உன் கணக்கைச் சொல், ஜெயித்தோமா தோற்றோமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய அறைத்தோழன்
வியாழன், இரவு