கை தோளுக்கு மேல போகாண்டாம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது.

மக்களே, ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல நீ இடது கையாலதான் சாயா டம்ளரைப் பிடிச்சிருந்த. சோத்துக்கை மடியில கெடந்தது. கேட்டா, "ஒண்ணும் இல்லம்மா"ங்கிற. இதே வார்த்தையை உங்க அப்பாகிட்ட நான் பத்து வருசம் சொல்லியிருக்கேன்.

உனக்கு ஓர்மை இருக்கா? கட்டைவிரலை மடக்கி, கணுவை காம்புல அமுக்கித்தான் நான் கறப்பேன். எங்க அம்மைக்கும் அதுதான் பழக்கம். பசு பாலை இறக்கினா ஆறேழு நிமிசத்துக்குள்ள கறந்து முடிச்சிரணும். கை கடுக்குன்னு நடுவுல நிறுத்த முடியாது. வெளுப்பாங்காலம் ஒரு கறவை, மத்தியானம் ஒரு கறவை. கடைசியில தேங்கா துருவ முடியல, சீப்பைப் பிடிக்க முடியல. தங்கச்சிதான் எனக்குத் தலை சீவிவிட்டா. பசுவுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் கண்டுட்டு, "விரலை மடக்காதீங்கம்மா, முழுக்கையாலப் பிடிச்சுக் கறங்க, காம்புக்கும் அதுதான் நல்லது"ன்னார். குத்தவச்சு முட்டும் போயிருந்தது. அப்பா பிலா மரத்துல ஒரு சாண் உயரத்துக்கு மணை அடிச்சுத் தந்த பிறகுதான் திருவட்டாறு கோயில் படி ஏறினேன். இவ்வளவையும் முதல் வருசமே சொல்லியிருக்கலாம். வலி இல்லாம பால் சோலி உண்டான்னு நானே நெனச்சிட்டேன்.

நீ சவுதி மாட்டுப் பண்ணையில, மாடுங்க மேல வரிசையா நிக்க, கீழ குழியில நின்னு பால் கறக்குற மிஷின் மாட்டுறேன்னதும், குனியாண்டாமே, சுகமான சோலின்னு சந்தோசப்பட்டேன். இப்பதான் புரியுது. குழி எல்லாருக்கும் ஒரே ஆழம். நெட்டையா இருக்கவன் முதுகை வளைக்கணும், குட்டையா இருக்கவன் கையைத் தூக்கணும். நீ என் உயரம் மக்களே. ரெண்டு மூணு கிலோ மிஷினை ஒரு கையில தூக்கிப் பிடிச்சு, மத்த கையால நாலு காம்புலயும் மாட்டணும். ஒரு ஷிப்டுல எத்தனை நூறு மாடுன்னு நீதான் சொன்ன. தோள் என்ன செய்யும்?

சூப்பர்வைசர்கிட்ட சொல்லு. நீ நிக்கிற இடத்துல வழுக்காத பலகையோ கனமான ரப்பர் மெத்தையோ போடச் சொல்லு. மிஷினை எப்பவும் ஒரே கையில தாங்காத, மாத்தி மாத்திப் பிடி. வலின்னு சொன்னா சோலி போயிரும்னு பயப்படாத. கை போனா அந்தச் சோலியும் நிக்காது.

அடுத்த மாசம் வாறவங்ககிட்ட முறிவெண்ணெய் ஒரு குப்பி குடுத்து விடுறேன். அதைத் தடவிட்டு பழையபடி கையைத் தூக்கிட்டு நிக்காத, கேட்டியா? பலகை போட்டதும் அதுல ஏறி நின்னு போன்ல காட்டு. கை தோளுக்குக் கீழ நிக்குதான்னு நான் பாக்கணும்.

அம்மா