தொடக்கப் பட்டியலில் இயங்காத விசைப்பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது ஊர்ச் சனசமூக நிலையத்துக் கணினியில், விண்டோஸ் திறந்தபின் நன்கு இயங்கும் யூ.எஸ்.பி. விசைப்பலகை விண்டோஸ் திறக்குமுன் தோன்றும் தொடக்கப் பட்டியலில் (பூட் மெனு) மட்டும் செயலற்றிருந்ததால், திருத்துநர் ஒருவர் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையையே மாற்றச் சொன்னார். பிள்ளைகள் படிக்கும் அக்கணினி இரண்டு கிழமை வீணே மூடிக் கிடந்தது. விண்டோஸுக்கு, விசைப்பலகையை இயக்கும் தன் சொந்த மென்பொருளான இயக்கி உண்டு. அதற்கு முந்திய கட்டத்தில் விசைப்பலகையை, தாய்ப்பலகையிலுள்ள தொடக்க மென்பொருளான பயோஸே அறிய வேண்டியிருப்பதால், அங்கு யூ.எஸ்.பி. விசைப்பலகையை விண்டோஸுக்கு முன்பே இயங்கச் செய்யும் ‘லெகசி யூ.எஸ்.பி.’ வசதி நிறுத்தப்பட்டிருந்தாலோ, சில சோதனைகளைத் தவிர்த்து விரைவாகத் தொடங்கும் ‘ஃபாஸ்ட் பூட்’ இயக்கப்பட்டிருந்தாலோ விசைகள் பயன்படாமற் போகலாம். பழைய கணினியாயின், நீல நிறமுள்ள யூ.எஸ்.பி. 3.0 துளையை விட்டு யூ.எஸ்.பி. 2.0 துளையில் செருகிப் பார்ப்பது நன்று. நாங்களோ, யூ.எஸ்.பி. இன்றி வட்டச் செருகியால் இணையும் பழைய பி.எஸ்.2 விசைப்பலகையொன்றை இரவல் வாங்கி, மின்னை நிறுத்திய பின்னரே பொருத்தி, பயோஸில் அந்த அமைப்பை மாற்றினோம். இவற்றைச் சோதியாது தாய்ப்பலகையை மாற்றச் சொல்ல வேண்டாமெனத் திருத்துநர்களை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.