சமணர் மலைக்கு இப்படி ஆள் அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலை பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. ‘நண்பர்களோடு ஏறி செல்ஃபி எடுத்து ஜாலியாகப் பொழுதுபோக்க ஏற்ற இடம்’ என்று அதில் ஒரு வரி. மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தின் பெயரே கட்டுரையில் இல்லை. சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவுக் குகைக்கு ‘ஒரு குகையும் உண்டு’ என்பதோடு சரி.

நாகமலைப் புதுக்கோட்டையில் வரலாறு நடத்திய வாத்தியார் நான். வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுவோம். ஓய்வுக்குப் பின் மகளோடு கோவைக்குப் போய்விட்டதால் வெகுகாலமாக அந்தப் பக்கம் போகவில்லை. கட்டுரை வந்த அன்று ஊரில் இருந்தேன். சாயங்காலமே கிளம்பிப் போனேன்.

கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள், நல்லது, என் முழங்காலுக்கு உதவியது. ஆனால் பேச்சிப்பள்ளத்துச் சுனையைச் சுற்றி உடைந்த பாட்டில்கள். எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் அந்தப் பாறையில் சாவியால் கீறிய பெயர்கள். சமணத் துறவி பாகுபலி, சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களான நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், மகாவீரர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். செதுக்கச் சொன்னவர்கள் பெயர் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. 1,000 ஆண்டுகளுக்கு மேல் மழையும் வெயிலும் விட்டுவைத்த எழுத்து அது. அதன் மேல் கால் வைத்து நின்று ஒரு பையன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். “இறங்குப்பா” என்றேன். “பேப்பர்லயே போட்டிருக்காங்க சார்” என்று போனில் உங்கள் கட்டுரையைக் காட்டினான். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் உங்களிடம்தான்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு இந்த மலையின் தீர்த்தங்கரர் ஒருவர் படத்தைப் போட்டு ‘புத்தர் சிலை’ என்று அச்சிட்டீர்கள். தலைக்கு மேல் தீர்த்தங்கரருக்கு அடையாளமான முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, திருத்தமும் போடவில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் பக்கங்களில் அதைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். 2012-ல் ஊரே பேசிய பிறகுதான் நீங்களும் பேசினீர்கள். அதே மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கு டங்ஸ்டன் சுரங்கம் என்றபோது மட்டும் விடாமல் எழுதினீர்கள். மக்கள் நின்றார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. உங்கள் எழுத்துக்கு என்ன பலம் உண்டு என்று உங்களுக்கே தெரியும். அதை எங்கள் மலைக்குக் கொஞ்சம் தந்திருக்கக் கூடாதா?

அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நாலு வரி போடுங்கள். இவை 9, 10-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள், பாதுகாக்கப்பட்ட சின்னம், கீறுவது குற்றம், சிற்பங்கள் மேல் ஏறக் கூடாது என்று சொன்னால் போதும். சனி, ஞாயிறு மாலைகளில் பேச்சிப்பள்ளத்தில் ஒரு காவலரை நிறுத்தும்படி சம்பந்தப்பட்ட துறையிடமும் உங்கள் நிருபர் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்த நாலு வரியை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
நாகமலைப் புதுக்கோட்டை (தற்போது கோவை)