பேருந்துக் கட்டணம் வருமானம் ஆகாது: உதவித்தொகைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வேலையிழந்தோர் உதவித்தொகைப் பிரிவின் பொறுப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். என் கோப்பு தங்கள் மேசையில் இருப்பதால் முன்கதையை மீண்டும் விவரிக்கவில்லை. வாரத்தில் இரண்டு பிற்பகல் முதியோர் மையத்தில் ஊதியமின்றித் தொண்டு செய்ததைக் காட்டி, நான் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்று முடிவுகட்டி, சென்ற மாதம் என் உதவித்தொகையை நிறுத்திவைத்தீர்கள். அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அங்கே நான் என்ன செய்கிறேன் என்று விசாரணையில் ஒருவரும் கேட்கவில்லை. கண் மங்கியவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். படிவங்களை நிரப்பித் தருகிறேன். அவற்றில் பாதிக்குமேல் தங்கள் துறையின் படிவங்கள்தாம். கைநடுக்கம் உள்ள ஒரு பெரியவரின் விண்ணப்பம், கையொப்பம் பொருந்தவில்லை என்று இருமுறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அவரோடு உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கம் பொடியெழுத்தில் இருந்த விதியைத் தேடியெடுத்து, கைநாட்டு வைக்கச் செய்தேன், ஏற்றுக்கொண்டீர்கள். அதே வாரம்தான் எனக்கு நிறுத்த ஆணை வந்தது.

பற்றுச்சீட்டைப் பார்த்து மையம் திருப்பித் தந்த பேருந்துக் கட்டணத்தையும் 'பிற வருமானம்' என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்கள். கையைவிட்டுப் போன காசு திரும்பி வருவது வருமானம் என்றால், கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையையும் இனி அறிவிக்க வேண்டியதுதான்.

2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது பன்னாட்டு மாநாடு, தன்னார்வப் பணியையும் உழைப்பு என்றே ஏற்றது. ஆனால் ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ செய்யும் வேலையிலிருந்து அதைத் தனியே பிரித்து வைத்தது. அதன்படி, அப்படிப்பட்ட வேலை இல்லாமல், வேலை தேடிக்கொண்டும், கிடைத்தால் சேரும் நிலையிலும் இருப்பவரே வேலையில்லாதவர். நான் அனுப்பிய எட்டு விண்ணப்பங்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. நேர்காணல் இருந்த நாளில் மையத்துக்குப் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் 'ஆயத்தம்' என்று குறித்திருப்பீர்கள் போலும். நேர்காணலிலோ, இத்தனை மாதம் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

சொல் சற்றுக் கடுத்திருந்தால் பொறுத்தருள வேண்டும். நிறுத்த ஆணையை நீக்கி, நிலுவையை வழங்குமாறும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தொண்டு செய்யலாம் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் வியாழனன்று மையத்துக்குப் போகலாமா என்பதற்காவது அதற்குள் பதில் தாருங்கள். அந்தப் பெரியவருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறதாம்.

இப்படிக்கு,
உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஒரு தொண்டர்