விடுபட்டதை விடுபட்டதாகவே விடு

அன்புள்ள செல்வம்,

உன் மொழிபெயர்ப்புக் கட்டு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், மன்னித்துக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதமாவது அடுப்படிப் பக்கம் விடாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். மஞ்சள் பைக்காரர் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய எகிப்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிரேக்கத்தில் எழுதிய கடிதங்களைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நீ உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். 18 கடிதங்களையும் மூலத்தோடு வைத்து இரண்டு முறை படித்தேன். தமிழ் நன்றாக ஓடுகிறது. என் கவலையே அதுதான். மூலத்தில் ஓட்டை இருக்கிற இடத்தில்கூட உன் தமிழ் நிற்காமல் ஓடுகிறது. ஓட்டையைக் காட்டுகிற சதுர அடைப்புக்குறிகளையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டாய்?

சேரர் துறைமுகமான முசிறியின் வாணிபத்தைச் சொல்லும் முசிறி பாப்பிரஸையே எடுத்துக்கொள். வியன்னாவில் இருக்கிற ஒரே ஒரு கிழிசல் தாள். 1985-இல் ஹாராவரும் சைப்பெஸ்டெய்னும் பதிப்பித்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு. முன்புறம் ஒரு கடன் ஒப்பந்தம்: செங்கடல் கரையில் இறங்கும் சரக்கை ஒட்டகத்தில் ஏற்றி, காவலோடு பாலைவனம் கடத்தி, நைல் கரை ஊரான கோப்டோஸின் சுங்கக் கிடங்கில் முத்திரையிட்டு வைத்து, பிறகு ஆற்று வழியே அலெக்சாந்திரியா கிடங்கில் சேர்ப்பது வரைக்கும் படிப்படியாக வருகிறது. பின்புறம் ஹெர்மபோல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக்கரைச் சடாமாஞ்சி என்ற வாசனை வேர் 60 கலம், தந்தம், தந்தத் துண்டுகள். நாலில் ஒரு பங்கு சுங்கம் போக நின்ற மதிப்பு 1154 தாலந்து 2852 திராக்மா. ஒரு தாலந்து 6000 திராக்மா என்று பெருக்கிப் பார், 69 லட்சத்தைத் தாண்டுகிறது.

இதில் நீ "மிளகு" என்று எழுதியிருக்கிறாய். எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். அகநானூறு 149-இல் யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்புகிறதே, அந்த வரி உன் கையைப் பிடித்து எழுத வைத்துவிட்டது. ஆனால் அந்தத் தாளில் எஞ்சியிருக்கும் எழுத்தில் மிளகு என்ற சொல் இல்லை. எடையையும் விலையையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, பெரும்பங்கு மிளகாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். நல்ல ஊகம். நானும் நம்புகிறேன். அது அடிக்குறிப்பில் இருக்கட்டும்; மூலத்தின் வாயில் போடாதே. நாளைக்கு ஒரு மாணவர் உன் புத்தகத்தைத் திறந்து, "பாப்பிரஸிலேயே மிளகு என்று இருக்கிறது, சங்கப் பாட்டும் அதையே சொல்கிறது, இரண்டு சாட்சி" என்று எழுதுவார். இருப்பது ஒரு சாட்சி. இன்னொன்று நீ.

அதே தாளில் "முசிறியில் கையெழுத்தான ஒப்பந்தம்" என்றும் போட்டிருக்கிறாய். கிரேக்கத்தில் அங்கே "கட்டா" என்றொரு சின்னச் சொல் நிற்கிறது. அதை "முசிறியில்" என்றும் எடுக்கலாம், "முசிறி வாணிபத்துக்கான" என்றும் எடுக்கலாம். முதல் பொருள் என்றால் யவனர் முசிறியிலேயே உட்கார்ந்து கடன் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது என்றால் எல்லாம் அலெக்சாந்திரியாவிலேயே எழுதி முடிந்திருக்கலாம். பெரிய அறிஞர்களே இதில் பிரிந்து நிற்கிறார்கள். ஒப்பந்தத்தின் தொடக்கம் கிழிந்துபோனதால் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்ற பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு "இல்" உருபைச் சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போக முடியாது, செல்வம்.

ஓட்டை எப்படி விழுகிறது என்று பார்த்தால் அதன்மேல் உனக்கே மரியாதை வரும். பாப்பிரஸ் தண்டு முக்கோணமாக இருக்கும். பச்சைத் தோலை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய கீற்றுகளாக்கி, ஒரு வரிசையை அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு வரிசையை அடுக்கி, அழுத்திக் காயவைப்பார்கள். பிறகு தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் சுருளாக்குவார்கள்; ஒரு சுருளுக்கு 20 தாளுக்கு மேல் கிடையாது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இந்தக் குறுக்கு நெடுக்கு இழைதான் துண்டுகளைச் சேர்க்கிறவர்களுக்கு உயிர். இரண்டு துண்டுகளின் எழுத்து ஒத்துப்போவது போலத் தோன்றினாலும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது கிடை இழை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொடரவில்லை என்றால் அந்தச் சேர்க்கையை நம்பமாட்டார்கள். மடித்த கடிதம் மடிப்பில் கிழிந்தால் ஓட்டை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். சுருளைப் புழு துளைத்திருந்தால் உள்ளே போகப் போகத் துளைகளுக்கு நடுவே தூரம் குறையும். அதை அளந்தே எந்தத் துண்டு சுருளின் உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சொல்லிவிடலாம்.

நிரப்புவதற்கும் கணக்கு உண்டு. மேல் வரியிலும் கீழ் வரியிலும் அதே அகலத்தில் எத்தனை எழுத்து நிற்கிறது என்று எண்ணுவார்கள். ஒன்பது என்றால் எட்டிலிருந்து பத்துக்குள் பொருந்துகிற சொல்தான் தேறும், ஏனென்றால் கிரேக்க எழுத்துகளில் அயோட்டா ஒல்லி, ஒமேகா பருமன். வணக்கம், நலம் விசாரிப்பு, வழியனுப்பு மாதிரி வாய்பாடுகள் என்றால் தயங்காமல் நிரப்பலாம். ஆயிரம் கடிதத்தில் அதே சொல்தான். பெயர், தொகை, சரக்கு, இடம் இவற்றில் கை வைக்கவே கூடாது. 1931-இல் லைடனில் கூடி முடிவு செய்த குறிகளைத்தான் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்: தாள் போன இடத்துக்குச் சதுர அடைப்பு, ஐயமான எழுத்துக்கு அடியில் புள்ளி, எழுதியவரே அடித்த இடத்துக்கு இரட்டைச் சதுர அடைப்பு. அடிப்புள்ளியைத் தமிழில் போட்டால் படிக்க முடியாது, அதை விட்டுவிடு. சதுர அடைப்பு மட்டும் கட்டாயம் வேண்டும்.

இனி ஹிலாரியோன் கடிதம். தொகுப்பிலேயே எனக்கு உயிரான கடிதம் அது. சீசரின், அதாவது அகஸ்டஸின், 29ஆம் ஆண்டு, பவுனி மாதம் 23, அதாவது கி.மு. 1, ஜூன் 17. கூலிக்குப் போனவன் அலெக்சாந்திரியாவிலிருந்து எகிப்தின் உள்நாட்டு ஊரான ஆக்ஸிரிங்கஸுக்கு எழுதுகிறான். கூட வந்தவர்கள் திரும்பி வந்து நான் மட்டும் இங்கே இருந்துவிட்டால் பயப்படாதே, குழந்தையைப் பார்த்துக்கொள், கூலி வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான். நீ தொடக்கத்தை "அன்பு மனைவி அலிஸுக்கு" என்று ஆக்கிவிட்டாய். அவன் எழுதியிருப்பது "சகோதரி அலிஸுக்கு". எகிப்தில் மனைவியைச் சகோதரி என்று அழைப்பது வழக்கம். அதே நேரம் ரோமானியர் 14 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்குச் சீட்டுகளில் கூடப்பிறந்தவர்களே கணவன் மனைவியாகப் பதிவாகியிருப்பதும் உண்டு. இங்கே எது என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தமிழில் அக்காவா தங்கையா என்று கேள்வி வரும் என்பதால் "சகோதரி" என்றே போடு, செயற்கையாக இருந்தாலும் பரவாயில்லை. "மாமியார் பெரூஸ்" என்றும் எழுதியிருக்கிறாய். மூலத்தில் "என் தலைவி பெரூஸ்" அவ்வளவுதான். மாமியாரோ, அம்மாவோ, அதை அந்த வீட்டுக்காரர்களுக்கு விட்டுவிடு.

அடுத்து வருகிற வரிதான். "பிள்ளை பெற்றால், ஆணாக இருந்தால் இருக்கட்டும், பெண்ணாக இருந்தால் வெளியே போடு." இதை "பெண்ணாக இருந்தால் வேண்டாம்" என்று மென்மையாக்கியிருக்கிறாய். கூடாது செல்வம், கூடவே கூடாது. மூலத்தில் நிற்கிற எக்பலே என்ற கிரேக்கச் சொல்லுக்கு எறிந்துவிடு, தூக்கி வெளியே போட்டுவிடு என்று பொருள். பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் விடுவதும், அங்கிருந்து வேறு யாராவது எடுத்துப்போய் அடிமையாக வளர்ப்பதும் அந்த நாட்டில் நடந்திருக்கிறது; பால் கொடுக்கும் தாதிக்கு எழுதிய ஒப்பந்தங்களே கிடைத்திருக்கின்றன. கோப்ரேயுஸ் என்று பெயர் வைப்பார்கள், சாணக்குப்பை என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் குப்பனும் குப்பாயியும் உனக்கு உடனே ஞாபகம் வருவார்கள். ஆனால் இங்கே குப்பையில் போட்டு எடுப்பது பிள்ளை தங்க வேண்டுமே என்கிற சடங்கு. அங்கே எடுப்பார் இல்லை என்றால் சாவு. குறிப்பில் இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டுவிடாதே.

அந்த வரியில் "பிள்ளை பெற்றால்" என்பதற்கு முன்னால் பொருள் விளங்காத ஒரு கூட்டுச்சொல் கிடக்கிறது. "நல்லபடியாக" என்பதுபோல ஒரு வாழ்த்தாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நீ சத்தமில்லாமல் தாண்டிவிட்டாய். மூன்று புள்ளி வைத்து, கீழே ஒரு வரி எழுது. இவ்வளவு கொடுமையைச் சொன்ன கையோடு, "என்னை மறந்துவிடாதே என்று அஃப்ரோதிசியாஸிடம் சொல்லி அனுப்பினாயாம், உன்னை எப்படி மறப்பேன், கவலைப்படாதே" என்கிறான். இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்கிறான். முதல் வரியை நீ நனைத்துவிட்டால் இரண்டாவது வரிக்கும் வலு போய்விடுகிறது.

தியோன் கடிதத்தில் நீ கலக்கியிருக்கிறாய். அப்பா தன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று பையன் பொரிந்து தள்ளுகிறானே, "நீங்க அனுப்பலேன்னா சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டே திருத்தம். "பெரிய பரிசு அனுப்பினீங்க" என்று அவன் குத்திக்காட்டுவது மிட்டாயை இல்லை. ஆராகியா என்பது ஒரு வகைப் பயறு, மாட்டுத் தீவனத்துக்குப் போவது. அதனால்தான் அவனுக்கு அவ்வளவு கோபம். இன்னொன்று, மூலம் முழுக்க எழுத்துப்பிழை. "அய்" என்று இரண்டெழுத்துப் போட வேண்டிய இடத்தில் "எ" என்று ஒற்றை எழுத்துப் போடுகிறான், ஏனென்றால் அவன் காலத்துப் பேச்சில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டது. இலக்கணப் புத்தகம் மறைத்துவிடுகிற இந்த உச்சரிப்பு, பிழையாக எழுதுகிற பிள்ளைகளால்தான் நமக்குத் தெரிகிறது. நீ சுத்தமாகத் திருத்திவிட்டாய். மூன்று நான்கு இடத்தில் ளகர ழகரம் மாறட்டும். அதற்கு மேல் போனால் கேலி ஆகிவிடும்.

வாழ்க்கைக்கு ஒரு பகுதி, இலக்கியத்துக்கு ஒரு பகுதி என்று புத்தகத்தைப் பிரிக்கப் போகிறேன் என்கிறாயே, அதையும் யோசி. ஆக்ஸிரிங்கஸ் மேடுகளில் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1896 முதல் 1907 வரை தோண்டியதில் ஐந்து லட்சம் துண்டுகள் கிடைத்தன. பத்தில் ஒன்றுதான் இலக்கியம், மற்றதெல்லாம் ரசீது, மனு, கடிதம், கணக்கு. எல்லாம் ஒரே குப்பையில் கலந்து கிடந்தவை. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்குகிற ஏதென்ஸ் ஆட்சிமுறை நூல், 1891-இல் அச்சாகி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்ததே, அது எழுதப்பட்டிருந்தது கி.பி. 78-79 பண்ணைக் கணக்கின் முதுகில். கணக்கு காலாவதியானதும் சுருளைத் திருப்பிப்போட்டு நூலை நகலெடுத்திருக்கிறார்கள். அந்தச் சுருளை நீ எந்தப் பகுதியில் வைப்பாய்? கால வரிசையில் போ, அதுவே போதும்.

படங்கள் வலைத்தளத்தில் இருப்பவற்றைத் தாராளமாகப் பெரிதாக்கிப் பார். எழுதியது கரியில் செய்த மை என்பதால் அகச்சிவப்புப் படம் இருந்தால் அதையே எடு. பழுப்பேறிய தாளில் கண்ணுக்குப் படாத எழுத்து அதில் கறுப்பாக நிற்கும். பழைய கண்ணாடிச் சட்டத்துப் படங்களில் வெள்ளையாகப் பூத்திருப்பது தாளிலிருந்து கிளம்பிய உப்பு. அதை ஓட்டை என்று நினைத்துவிடாதே, ஒரு கடிதத்தில் அப்படி நினைத்திருக்கிறாய் (11ஆவது, நான்காம் வரி).

திருத்திய பிரதியை இத்தோடு அனுப்புகிறேன். சிவப்பு மை எல்லாம் கட்டாயம், பென்சில் எல்லாம் உன் விருப்பம். ஹிலாரியோனை அவசரப்படாமல் செய். தியோனை முதலில் அனுப்பு, மஞ்சள் பைக்காரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

மிளகை எடுத்துவிட்டாயா என்று மட்டும் உடனே ஒரு வரி போடு.

அன்புடன்,
ரவி